மின்விளையாட்டு அரங்கில் மகளிர்

பளு தூக்குவதிலும் ஓட்டப் பந்தயத்திலும் ஆடவருக்கும் மகளிருக்கும் தனித்தனிப் போட்டிகள் நடப்பதை நாம் அறிவோம். உடலமைப்பே அதற்குக் காரணம் என்பதும் தெரிந்ததே. ஆனால் நாற்காலியில் அமர்ந்து, கணினித் திரையை நோக்கி, விரல்களால் மட்டுமே ஆடும் ஆட்டத்தில் இந்தப் பிரிவினைக்கு என்ன காரணம் கூறுவது? இது வெறும் தர்க்கத்துக்காகக் கேட்கப்படும் கேள்வியன்று. 2014ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டில் உண்மையாகவே எழுந்த கேள்வி.

அவ்வாண்டில் அங்கே 'ஹார்த்ஸ்டோன்' என்னும் ஆட்டத்துக்குத் தகுதிப் போட்டி ஒன்று அறிவிக்கப்பட்டது. ஹார்த்ஸ்டோன் என்பது கணினியில் ஆடும் ஒருவகைச் சீட்டாட்டம்; கைக்கு வந்த சீட்டுகளுள் எதை எப்போது இறக்குவது என்று ஆய்ந்து முடிவு செய்வதே அதன் திறமை. அப்போட்டியில் ஆடவர் மட்டுமே கலந்துகொள்ளலாம் என்று விதித்திருந்தார்கள். சர்வதேச மின்விளையாட்டுச் சம்மேளனம் ஆடவர் ஆட்டங்கள் என்றும் மகளிர் ஆட்டங்கள் என்றும் பிரித்து வைத்திருந்ததே இதற்குக் காரணம். செய்தி பரவியதும் கடும் எதிர்ப்பு மூண்டது. சம்மேளனம் விரைவிலேயே விதியை மாற்றி, ஆடவருக்கென இருந்த போட்டிகளை அனைவருக்கும் திறந்துவிட்டது. விதி மாறியது, மனப்பான்மை அவ்வளவு எளிதில் மாறவில்லை என்பதை இரண்டே ஆண்டுகளில் தென் கொரியாவில் நடந்த ஒரு நிகழ்ச்சி காட்டிற்று.

அந்நாட்டில் மின்விளையாட்டு என்பது பொழுதுபோக்கு மட்டுமன்று. சம்பளமும் பயிற்சியாளரும் ரசிகர் கூட்டமும் உள்ள ஒரு தொழில். 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் 'ஓவர்வாட்ச்' என்னும் ஆட்டம் வெளிவந்தது. அப்போது ஆறு பேர் கொண்ட இரண்டு அணிகள் மோதிய இவ்வாட்டத்தில், ஓடி ஒளியும் எதிரியின்மேல் குறியை நிலைநிறுத்துவது பெருந்திறமை. கிம் சே-யோன் என்னும் 17 வயதுப் பெண் 'கெகுரி' என்ற பெயரில் இதை ஆடி வந்தார். தவளை என்று பொருள்படும் கொரியச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. ஒரு போட்டியில் அவர் குறிவைத்த வேகத்தையும் துல்லியத்தையும் கண்ட எதிரணியினர், இது மனிதக் கையின் வேலையன்று, குறியைத் தானே இலக்கின்மேல் கொண்டு நிறுத்தும் கள்ள நிரலின் வேலை என்று குற்றம் சாட்டினார்கள். குற்றம் பொய்யானால் ஆட்டத்தையே விட்டுவிடுவதாக அவர்களுள் இருவர் சூளுரைத்தார்கள்.

ஆட்டத்தை வெளியிட்ட நிறுவனம் ஆராய்ந்து, கள்ள நிரல் ஏதுமில்லை என்று தெரிவித்தது. அதன் பிறகும் அந்தப் பெண் ஓர் ஒளிபரப்பு நிலையத்துக்குச் சென்று, திரையையும் தம் கைகளையும் ஒருசேரக் காட்டும் வண்ணம் நிழற்படக் கருவிகளுக்கு முன் அமர்ந்து, பலரும் பார்க்க ஆடிக் காட்டினார். அதே வேகம், அதே துல்லியம். சூளுரைத்த இருவரும் விலகிக்கொண்டார்கள். கள்ள ஆட்டம் என்ற பழி ஆடவர்மீதும் எழுவதுண்டு, அதை மறைக்கலாகாது. ஆயினும் நிறுவனமே தீர்ப்புக் கூறிய பின்பும் கைகளை உலகுக்குக் காட்டியாக வேண்டிய நிலை எத்தனை ஆடவருக்கு வாய்த்தது?

2018 ஜனவரியில் ஓவர்வாட்ச் லீக் என்னும் தொழில்முறைப் போட்டி 12 அணிகளுடன் தொடங்கியபோது ஓர் அணியிலும் பெண் இல்லை. கெகுரியை ஏன் சேர்க்கவில்லை என்று நிருபர்கள் வினவினார்கள். ஆடவரும் பெண்ணும் ஒரே விடுதியில் தங்குவது சிரமம் என்றும், வெறும் விளம்பரத்துக்காகச் சேர்த்தோம் என்று பிறர் ஏசுவார்கள் என்றும் விடைகள் வந்தன. திறமை போதாது என்பதன்று குறை. அறை ஒதுக்குவதுதான் குறை! அவ்வாண்டிலேயே ஷாங்காய் டிராகன்ஸ் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. அவ்வணியோ அந்தப் பருவத்தில் ஆடிய 40 போட்டிகளிலும் தோற்றது. பருவத்தின் இடையில் வந்து சேர்ந்த ஒருவர் மூழ்கும் கப்பலை எப்படித் தூக்கி நிறுத்துவார்?

மகளிர் இத்துறையில் ஏன் குறைவாக இருக்கிறார்கள் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு; வெளியிலிருந்து பார்ப்போர் அதை எளிதில் உணரமாட்டார்கள். குழு ஆட்டங்களில் வீரர்கள் ஒலிவாங்கி வழியே இடைவிடாது பேசிக்கொள்வார்கள். எதிரி எந்த வாயிலில் இருக்கிறான், யார் காயமுற்றார், எப்போது பாய வேண்டும் என்பவை எல்லாம் குரலாலேயே தெரிவிக்கப்படும். பயிற்சிக்காக முன்பின் அறியாதவரோடு ஆடும்போது, பெண் குரல் என்று தெரிந்த அளவிலேயே ஏச்சும் ஆபாசமும் தொடங்கிவிடுகின்றன. ஆகவே பெண்கள் பலர் பால் புலப்படாத பெயரைச் சூட்டிக்கொண்டு, ஒலிவாங்கியை அணைத்துவிட்டு ஆடுகிறார்கள். பேசாத வீரரால் அணிக்குத் தகவல் சொல்ல இயலாது. தலைமை தாங்கவும் இயலாது. அவமதிப்பிலிருந்து தப்புவதற்காகக் கையாளும் வழியே பயிற்சியைக் குன்றச் செய்கிறது. குன்றிய பயிற்சியைக் கண்டு, பெண்களுக்கு இது வராது என்கிறார்கள்.

தனியாகச் சிந்தித்து ஆடும் ஆட்டங்களில் இத்தடை சற்றுக் குறைவு. சீனாவைச் சேர்ந்த லி சியாவ்மெங் 2019 நவம்பரில் கலிபோர்னியாவிலுள்ள அனஹைம் நகரில் உலகப் பட்டம் வென்றார். ஆட்டம், பின்லாந்தில் பெண்களுக்கு இடமில்லை என்று அறிவித்தார்களே, அதே ஹார்த்ஸ்டோன். முன்னொரு போட்டியில் தாம் வரிசையில் நின்றபோது, பெண்ணுக்கு இந்த வரிசையில் இடமில்லை என்று ஒருவர் கூறியதை அவர் அந்த மேடையில் நினைவுகூர்ந்தார்.

'வேலரன்ட்' என்னும் ஐவர் ஆட்டத்தை நடத்தும் ரயட் நிறுவனம் 2021இல் 'கேம் சேஞ்சர்ஸ்' என்ற போட்டித் தொடரை, மகளிருக்கும் பால் வேற்றுமையால் ஒதுக்கப்பட்ட பிறருக்கும் என ஏற்படுத்தியது. இது பழைய பிரிவினையே அல்லவா என்று சிலர் வினவுகின்றனர். அன்று பெண்களுக்குப் பெருவாயில் அடைக்கப்பட்டிருந்தது. இன்று அது திறந்தே இருக்க, பக்கத்தில் பயிற்சிக் களம் ஒன்றும் அமைந்திருக்கிறது என்பதே என் கருத்து. மகளிர் அணி ஒன்றை வைத்துக்கொண்டு, முதன்மை அணியில் பெண்ணைச் சேர்க்கும் கடமை தீர்ந்தது என்று முதலாளிகள் இருந்துவிடக்கூடும். அந்த அச்சத்தையும் தள்ளிவிடுவதற்கில்லை. 2022 நவம்பரில் பெர்லினில் எட்டு அணிகள் மோதிய அத்தொடரின் உலகப் போட்டியில், ஜி2 கோசன் அணி ஷாப்பிஃபை ரெபெலியன் அணியை 3-2 என்ற கணக்கில் வென்றது. ஒலிவாங்கியை அணைத்துக்கொண்டு ஆட வேண்டிய அவசியம் அங்கே ஒருவருக்கும் இருக்கவில்லை.