கிளைகளும் சந்தைப் பரப்பும்

2009ஆம் ஆண்டில் ஏ-9 வீதி மீண்டும் திறக்கப்பட்டபின், கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட வங்கிகள் பல யாழ்ப்பாணக் குடாநாட்டிற் புதிய கிளைகளை நிறுவின. கிளைகளின் தொகை மட்டும் ஒரு நிறுவனத்தின் சந்தைப் பரப்பைக் காட்டிவிடுமா? நகரில் அருகருகே அமைந்த கிளைகள் ஒரே வாடிக்கையாளரையே தம்முட் பங்கிட்டுக்கொள்ளும். வலிகாமத்துக் கமக்காரர் சுன்னாகச் சந்தைக்கும், தென்மராட்சியார் சாவகச்சேரிக்கும், வடமராட்சியார் நெல்லியடிக்கும் பருத்தித்துறைக்கும் செல்வது நெடுநாள் வழக்கம். அவ்வழியிலேயே கிளை அமைதல் வேண்டும். வரைபடத்தில் அண்மையாகத் தோன்றும் ஊரும், இடையே கடல்நீரேரி குறுக்கிடின் தொலைவாகிவிடும். யாழ் நகரக் கிளையை நாடும் நெடுந்தீவார், படகேறிக் குறிகட்டுவானை அடைந்த பின்னரே பேருந்தைக் காண்பர். அவர்க்கு ஒரு கையொப்பம் ஒருநாட் கூலியை விழுங்கிவிடலாம். ஆகவே, கிளைகளை எண்ணுவதினும், அவற்றை அடைய மக்கள் செலவிடும் நேரத்தை எண்ணுவதே சிறந்த அளவையாகும்.