நோன்பு காட்டிய வழி

மாற்கு நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில், வலிப்பால் துன்புறும் மகனை ஆண்டவரிடம் அழைத்து வரும் ஒரு தந்தையைக் காண்கிறோம். எவ்வளவு காலமாக இப்படி என்று ஆண்டவர் வினவுகிறார். குழந்தைப் பருவத்திலிருந்தே என்கிறார் தந்தை. இதற்குச் செபம் வேண்டும் என்று ஆண்டவர் பின்னர்ச் சீடரிடம் கூறுமிடத்தில், பழைய கையெழுத்துப் படிகள் பலவற்றில் நோன்பும் சேர்ந்தே காணப்படுகிறது.

தீய ஆவி என்று அங்கே படிப்பதால், நம் குடும்பங்களில் சிலர் இந்நோயை இன்றும் பேயின் வேலையென அஞ்சி மறைக்கின்றனர். மூளையின் நரம்பணுக்களில் திடீரென எழும் மின் கொந்தளிப்பே வலிப்பு என்பதை நாம் அறிய வேண்டும். ஆயினும் அந்த நோன்பு என்னும் சொல் நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

உண்ணாதிருக்கும் நாள்களில் சிலருக்கு வலிப்பு குறைவதை 1911இல் பிரெஞ்சு மருத்துவர்கள் எழுதினர். ஆனால் குழந்தையை எத்தனை நாள் பட்டினி போட முடியும்? 1921இல் அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையின் ரஸ்ஸல் வைல்டர் ஒரு வழி கண்டார். பட்டினியின்போது உடல் கொழுப்பை எரிக்கிறது. அதனால் உண்டாகும் கீட்டோன் என்னும் பொருள்கள் சர்க்கரைக்குப் பதிலாக மூளைக்கு எரிபொருளாகின்றன. மாவுச்சத்தை மிகக் குறைத்துக் கொழுப்பை மிகுத்துக் கொடுத்தால், உண்டுகொண்டே நோன்பின் பயனைப் பெறலாம் அல்லவா? இதுவே கீட்டோன் உணவுமுறை.

1938இல் ஃபெனிட்டாய்ன் மருந்தின் பயன் வெளிப்பட்டது. மாத்திரை விழுங்குவது எளிது, உணவுமுறை ஒதுக்கப்பட்டது. ஆனால் நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மருந்துகளால் வலிப்பு அடங்குவதில்லை. திரைப்பட இயக்குநர் ஜிம் ஆபிரகாம்சின் ஒரு வயது மகனுக்கு 1993இல் அந்நிலை நேர்ந்தது. தந்தை தாமே நூல்களைத் தேடிப் படித்து, பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குக் குழந்தையைக் கொண்டு சென்றார். உணவுமுறை தொடங்கிய சில நாள்களில் வலிப்பு நின்றது. இதை முன்னரே ஒருவரும் சொல்லவில்லையே என்ற வேதனையில் 1994இல் ஓர் அறக்கட்டளையை நிறுவினார்.

ஒரு குழந்தையின் கதை சான்றாகிவிடாது. மருந்துக்கு அடங்காத வலிப்புடைய 145 குழந்தைகளை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வின் முடிவுகள் 2008இல் இங்கிலாந்தில் வெளிவந்தன. மூன்று மாதத்தில், உணவுமுறையை உடனே தொடங்கிய பிரிவில் நூற்றுக்கு 38 பேருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. காத்திருந்த பிரிவில் நூற்றுக்கு 6 பேருக்கே.

இது வீட்டில் தாமாகச் செய்யத்தக்கதன்று. ஒவ்வொரு வேளை உணவையும் கிராம் கணக்கில் நிறுக்க வேண்டும்; அன்பு மிகுந்த பாட்டி கொடுக்கும் ஒரு மிட்டாய் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். மலச்சிக்கல், சிறுநீரகக் கல், வளர்ச்சிக் குறைவு நேரலாம். கொழுப்பைச் செரித்துப் பயன்படுத்த இயலாத பிறவிக் குறை உள்ள குழந்தைக்கு உயிராபத்தே உண்டு. மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்துவதும் அவ்வாறே.

பயன் கண்ட குழந்தைகளை வழக்கமாக இரண்டு ஆண்டுகளுக்குப்பின் மெல்ல மெல்லச் சாதாரண உணவுக்குத் திருப்புகின்றனர். அதன் பின்னும் வலிப்பு திரும்பாத குழந்தைகள் உண்டு.