பேட்டரி எண் எங்கிருந்து வருகிறது?

2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் வழங்கத் தொடங்கியது. நெசவு ஊரான சோமனூரின் தறி வீடுகள் பலவற்றுக்குள் கணினி வந்ததும் அந்தத் திட்டத்தால்தான். அந்த லேப்டாப்பில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கியது அது. மின்வெட்டு வாட்டிய அந்தக் காலத்தில் திரை மூலையில் தெரிந்த பேட்டரி சதவீதம் முக்கியமான எண்.

ஆனால், அதைக் காட்டும் நிரலுக்குப் பேட்டரியைத் தொட அனுமதி கிடையாது. பேட்டரி, வட்டு, நெட்வொர்க் எல்லாமே இயங்குதளத்தின் மையமான கர்னலின் பொறுப்பு. கர்னலின் நினைவகத்துக்குள் எட்டிப் பார்க்க முயலும் நிரலை ப்ராசஸரே தடுத்துவிடும். எதுவானாலும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

சோமனூரில் கூலிக்கு நெய்பவர், ஜவுளி உற்பத்தியாளரின் குடோனுக்குள் புகுந்து நூல் எடுப்பதில்லை. அவர் கொடுக்கும் பாவு நூலையும் ஊடை நூலையும் வாங்கிப்போய்த் துணியாகத் திருப்பித் தருகிறார். நிரலுக்கும் கர்னலுக்கும் இடையே அப்படி இருக்கும் வாசல்தான் சிஸ்டம் கால். இன்றைய 64 பிட் இன்டெல் கணினியின் லினக்ஸில் ‘படி’ என்ற கோரிக்கைக்கு எண் 0, ‘எழுது’ என்பதற்கு 1. நிரல் கொடுக்கும் முகவரி அதற்கே உரியதுதானா என்று சரிபார்த்த பிறகே கர்னல் தரவை நகலெடுக்கும். இந்தச் சோதனை இல்லாவிட்டால், கர்னலின் சொந்த முகவரியையே கொடுத்து அடுத்தவர் கடவுச்சொல்லைக்கூடப் படித்துவிடலாம்.

இதே ‘படி’ கோரிக்கையால் வாங்கிக்கொள்ளும்படி, பேட்டரி அளவை லினக்ஸ் ஒரு கோப்பைப்போலக் காட்டுகிறது. ‘சிஸ்’ என்ற அடைவில் இருக்கும் அந்தக் கோப்பு வட்டில் எங்குமே கிடையாது. யாராவது திறந்து படிக்கும் நொடியில் கர்னல் எழுதித் தருகிறது. எந்த மொழியில் எழுதிய நிரலும் கோப்பைப் படிக்கும் என்பதால், இவ்வளவு எளிமையான வழி வேறில்லை. சாதனங்களுக்குத் தனிக் கட்டளை அனுப்ப ஐஆக்டல், நெட்வொர்க் செய்திகளுக்கு நெட்லிங்க் என்று வேறு வழிகளும் உண்டு.

ஒவ்வொரு முறை வாசலுக்குப் போய்வரவும் நேரம் செலவாகிறது. 2018இல் மெல்ட்டவுன் என்ற ப்ராசஸர் குறை வெளிப்பட்டு, அதை அடைக்கச் செய்த திருத்தத்தால் அந்தச் செலவு இன்னும் கூடியது. இந்தச் செலவைக் குறைக்கும் வழியாக, 2019இல் லினக்ஸ் 5.1 பதிப்பில் கர்னல் நிரலாளர் ஜென்ஸ் ஆக்ஸ்போவின் ஐஓ-யூரிங் சேர்ந்தது. அதில் நிரலும் கர்னலும் பொதுவான நினைவக வரிசையில் கோரிக்கைகளையும் பதில்களையும் போட்டுவைக்கின்றன. பல வேலைகளுக்கு ஒரே அழைப்பு போதும்.

வேகம் கிடைத்தது, பாதுகாப்பு ஓட்டைகளும் கூடவே வந்தன. லினக்ஸ் கர்னலில் ஓடும் ஆண்ட்ராய்டு போன்களில், செயலிகள் ஐஓ-யூரிங்கைத் தொட முடியாதபடி அடைத்துவிட்டதாக 2023இல் கூகுள் அறிவித்தது.