மின்சாரக் காரும் குடும்பச் செலவும்

சித்தூரிலும் திருப்பதியிலும் தொழிலை முன்னிட்டுக் குடியேறிய தமிழர்களும், பெங்களூரிலிருந்தும் ஐதராபாத்திலிருந்தும் திருமலைக்கு வரும் தமிழ்க் குடும்பங்களும் இந்நாளில் ஒரு கேள்வியை அடிக்கடி எழுப்புகின்றனர். மின்சாரத்தால் ஓடும் காரை வாங்கினால் உண்மையிலேயே பணம் மிஞ்சுமா? ஹைபிரிட் எனப்படும் கலப்பு வகைக் கார் அதனினும் நல்லதா? இக்கேள்விகளுக்குக் கணக்கின் துணைகொண்டு விடை காண முயல்வோம்.

முதலில் திருமலைப் பாதையையே எடுத்துக்கொள்வோம். 1944-ஆம் ஆண்டில் முதல் மலைச்சாலையும், 1974-இல் இரண்டாவது சாலையும் திறக்கப்பட்டன. 2022 செப்டம்பரில், பிரம்மோற்சவத்தை ஒட்டி, ஆந்திர அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மின்சாரப் பேருந்துகள் இம்மலையில் ஓடத் தொடங்கின. அடிவாரத்திலிருந்து திருமலை சுமார் 700 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஒன்றரை டன் எடையுள்ள காரை அவ்வுயரத்திற்குத் தூக்குவதற்கு மட்டும் ஏறத்தாழ 3 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான ஆற்றல் வேண்டும். பெட்ரோல் இயந்திரம் தான் உண்ணும் எரிபொருளின் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்கிவிடுகிறது. மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே சக்கரத்தைச் சேர்கிறது. மின்மோட்டாரோ ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சக்கரத்திற்கு அளிக்கிறது.

இறங்கும்போது நிகழ்வது இன்னும் சுவையானது. பெட்ரோல் காரில் பிரேக்கு சூடேறுகிறது. ஏறியபோது செலவான ஆற்றல் காற்றில் கரைகிறது. மின்சாரக் காரில் மோட்டாரே மின்னாக்கியாக மாறி, வேகத்தைக் கட்டுப்படுத்துவதோடு, ஒரு யூனிட் அளவேனும் மின்சாரத்தை பாட்டரிக்குத் திருப்பித் தருகிறது. பிரேக்குக் கட்டைகளும் நெடுநாள் உழைக்கின்றன. ஆனால் மலைமேல் பாட்டரியை முழுவதும் நிரப்பிக்கொண்டு இறங்கலாகாது. நிறைந்த குடத்தில் மேலும் நீர் கொள்ளாது அல்லவா? கலப்புக் காரின் பாட்டரி மிகச் சிறியது. அது பாதி வழியிலேயே நிறைந்துவிடக் கூடும். எஞ்சிய ஆற்றல் அதிலும் வீணே.

இனி அன்றாடச் செலவைப் பார்ப்போம். பெட்ரோல் லிட்டர் 110 ரூபாய் என்றும், கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் என்றும் வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு ஏழேகால் ரூபாய்க்குச் சற்று மேல் ஆகும். லிட்டருக்கு 22 கிலோமீட்டர் ஓடும் கலப்புக் காரில் அது ஐந்து ரூபாய். யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர் ஓடும் மின்சாரக் காரை, யூனிட் 8 ரூபாய்க்கு வீட்டில் மின்னேற்றினால் ஒன்றேகால் ரூபாய். 20 ரூபாய் வாங்கும் பொது நிலையத்தில் மின்னேற்றினால் மூன்று ரூபாய். வீட்டு உபயோகம் மிகுந்தால் யூனிட் விலையும் உயரும் என்பதை மறத்தலாகாது.

ஆகவே வீட்டில் மின்னேற்றுவோர்க்கு மீதமாவது கிலோமீட்டருக்கு ஆறு ரூபாய். மின்சாரக் காரின் விலை 4 லட்சம் ரூபாய் அதிகம் என்று கொள்வோம். நாள்தோறும் 100 கிலோமீட்டர் வீதம் ஆண்டில் 300 நாள் ஓடும் வாடகைக் கார் ஓட்டுநர், ஆண்டுக்கு 1,80,000 ரூபாய் மிச்சப்படுத்தி, இரண்டேகால் ஆண்டில் அதை மீட்டுவிடுவார். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பத்திற்கு ஐந்தரை ஆண்டு ஆகும். மாதம் 300 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்கோ பதினெட்டு ஆண்டும் போதாது! பாட்டரிக்குப் பல நிறுவனங்கள் தரும் உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்பதையும் இத்துடன் வைத்துப் பார்க்க வேண்டும்.

வரிச் சலுகைகளும் உள்ளன. மின்சார வாகனங்களுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 2019 ஆகஸ்டு முதல் 5 சதவீதமே. கலப்புக் கார்களுள் சிறியவற்றிற்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம், பெரியவற்றிற்கு 40 சதவீதம். 2022-ஆம் ஆண்டு விதிகள் மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்தில் மின்சாரக் கார்களுக்கு 15 சதவீதமும், கலப்புக் கார்களுக்கு ஏழரை சதவீதமும் தள்ளுபடி அளித்தன. மின்சாரக் காருக்கான கடன் வட்டியின்மீது இருந்த வருமானவரிக் கழிவு, 2023 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கே உரியது. புதிதாகக் கடன் வாங்குவோர் அதை எதிர்பார்த்து ஏமாறலாகாது.

வெளி மாநிலத்தில் வாழும் நாம் தனியே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சாலை வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். வேலூரில் கிடைத்த சலுகை சித்தூருக்கும் கூடவே வரும் என்று கொள்வதற்கில்லை. இடமாற்றம் வரக்கூடிய உத்தியோகத்தில் இருப்போர், கார் வாங்குமுன் இரண்டு ஊர்ப் போக்குவரத்து அலுவலகங்களிலும் விசாரித்துக்கொள்வது நலம்.

சுருங்கச் சொன்னால், நாள்தோறும் நிறைய ஓட்டுபவர்க்கும், வீட்டில் மின்னேற்ற வசதி உடையவர்க்கும் மின்சாரக் கார் செலவைக் குறைக்கும். நெடுந்தூரம் போக வேண்டியவர், வாடகை வீட்டில் மின்னேற்ற இடமில்லாதவர் ஆகியோருக்குக் கலப்புக் கார் ஓரளவு உதவும். குறைவாக ஓட்டுபவர் உள்ள காரையே நன்கு பேணுவதே சிக்கனம். அண்டை வீட்டார் வாங்கினார் என்பதற்காக வாங்காமல், சென்ற ஆண்டு நமது கார் எத்தனை கிலோமீட்டர் ஓடிற்று என்பதை முதலில் பார்ப்போமாக. நமக்குரிய விடையை அந்த ஓர் எண்ணே பெரும்பாலும் சொல்லிவிடும்.