தொழிற்பிரிவும் அதிபரும்

க.பொ.த. சாதாரண தரத்தில் சித்தியெய்தாத பிள்ளைகளும் பாடசாலையிலேயே தொழிற்பாடங்கள் பயிலத்தக்க பிரிவொன்று, 2017ஆம் ஆண்டில், பதின்மூன்று வருடக் கல்வித் திட்டத்தின்கீழ் 42 பாடசாலைகளில் தொடங்கப்பெற்றது. இப்பிரிவு தழைப்பதும் தேய்வதும் பெரிதும் அதிபரின் நேரசூசியைப் பொறுத்தனவாம்.

முதலாண்டில் யான் ஏனைய வகுப்புக்களுக்கெல்லாம் பாடவேளைகளை வகுத்தபின், எஞ்சியவற்றையே இப்பிரிவுக்கு ஈந்தேன். நாற்பது நிமிடத்தில் மாணவர் கருவிகளை எடுத்து அடுக்குமுன்னரே மணி அடித்துவிடும். சில மாதங்களில் இருக்கைகள் பல வெறுமையாயின. பிள்ளைகளின் ஊக்கக்குறைவு என்றே முதலில் எண்ணினேன், பிழை என்னுடையதே.

மறு ஆண்டு, செய்முறைக்குரிய தொடர்ந்த மூன்று பாடவேளைகளை முதலிற் குறித்தேன். அனுபவமிக்க ஆசிரியரை வகுப்பாசிரியராக்கினேன். அண்மையிலுள்ள தொழிலகங்களுக்கு நேரிற் சென்று பயிற்சியிடம் கேட்டேன். வரவு சீர்பட்டது. பாடசாலை தம்மை மதிக்கின்றதா என்பதைப் பிள்ளைகள் நேரசூசியிலேயே கண்டுகொள்கின்றனர்.