வாயில் புல்லை வைத்த வீரன்

என் சித்தப்பா சிவகாசியில் இருந்து வரும் லயன் காமிக்ஸ் வாங்குவார். அதில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் லக்கி லூக். தன் நிழலைவிட வேகமாகச் சுடுவாராம்! டால்டன் சகோதரர்கள் நாலு பேரும் படிக்கட்டு மாதிரி நிற்பதைப் பார்த்தாலே சிரிப்பு வந்துவிடும்.

இவரை 1946-ல் உருவாக்கியவர் பெல்ஜியம் நாட்டு ஓவியர் மோரிஸ். பழைய கதைகளில் லக்கி லூக் வாயில் எந்நேரமும் சிகரெட் இருக்கும். 1983-ல் மோரிஸ் அதை எடுத்துவிட்டு ஒரு புல்லை வைத்தார். அதற்காக 1988-ல் உலக சுகாதார நிறுவனம் அவருக்கு விருது கொடுத்தது.

இரண்டு விதக் கதையும் படித்துப் பார்த்தேன். வேகமும் குறையல, சிரிப்பும் குறையல. அப்போ வீரம் சிகரெட்டில் இல்லைதானே? நம் வகுப்புப் பையன்கள் சிலர் சாக்பீஸை விரலிடுக்கில் வைத்து ஊதிக் காட்டுகிறார்கள். எல்லாம் சினிமா ஹீரோவைப் பார்த்துத்தான்.

'காமிக்ஸ் படித்தால் கெட்டுப்போவாய்' என்கிறார்கள் பெரியவர்கள். படம் பார்த்துக் கெட்டதைக் கற்கலாம் என்றால் நல்லதையும் கற்கலாமே! ஆசிரியர்களே, நூலக அலமாரியில் காமிக்ஸுக்கும் ஒரு தட்டு கொடுங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி