சாவியும் குறிப்பலையும்

தென்காசியை அடுத்த குற்றாலத்தில் சாரல் பருவம் தொடங்கினால், நிறுத்துமிடங்களில் மகிழுந்துகள் நெருங்கி நிற்கும். அவற்றுள் சில, துளையில் சாவி நுழைக்காமலே திறப்பவை. உரிமையாளர் கைப்பிடியைத் தொட்டதும் மகிழுந்து குறைந்த அதிர்வெண் அலையில் ஒரு வினாவை அனுப்பும். அவரிடமுள்ள மின்னணுச் சாவி மறைகுறியீட்டில் விடை தரும்; கதவு திறக்கும்.

வினாவலை ஓரிரு மீட்டர் தொலைவே எட்டும். ஆகவே, விடை வந்தால் சாவி அருகில் உள்ளது என மகிழுந்து கருதுகிறது. திருடர்கள் பயன்படுத்துவது இந்த நம்பிக்கையைத்தான். ஒருவர் மகிழுந்தின் அருகிலும், மற்றொருவர் அருவிக்குச் சென்றவரின் பைக்கு அருகிலும் நின்று, கருவிகளால் அலைகளைக் கடத்தினால் போதும். மறைகுறியீட்டை உடைக்க வேண்டியதில்லை. கண்ணாடி உடைந்த தடயமும் இராது. சூரிக் நகரின் ஆய்வாளர்கள் 8 நிறுவனங்களின் 10 மகிழுந்து வகைகளை இம்முறையில் சோதித்து, 2011இல் முடிவை வெளியிட்டனர். பத்தும் ஏமாந்தன.

இணையத்தோடு இணைந்த மகிழுந்தை நெருங்கவும் தேவையில்லை. 2015இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர், சாலையில் ஓடிய ஜீப்பைத் தொலைவிலிருந்தே இயக்கிக் காட்டினர். அதன்பின் 14 இலட்சம் வண்டிகள் திருத்தத்திற்குத் திரும்ப அழைக்கப்பட்டன.

இதற்குத் தீர்வை இயற்பியல் தருகிறது. அலை ஒரு நானோ நொடியில் ஏறத்தாழ 30 செ.மீ. செல்லும். கடத்தப்பட்ட விடை தாமதமாகவே வரும். அந்நேரத்தை அளந்து, சாவியின் உண்மைத் தொலைவை அறியும் புதிய மகிழுந்துகள் வந்துள்ளன. மற்றவர்கள் சாவியை மூடியுள்ள உலோகப் பெட்டியில் வைக்கலாம். திசைமாற்றிச் சக்கரத்திற்குத் தனிப் பூட்டும் இடலாம். மென்பொருளை அவ்வப்போது புதுப்பிக்கலாம்.